துறைமுகம் வழியே பெயர் பெற்ற தரை வண்டுகள்

தரை வண்டு என்று வேளாண் துறையினர் அழைக்கும் பூச்சிகள் காரபிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் இதுவரை ஏறக்குறைய 40,000 இனங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலானவை இரவில் இரை தேடுபவை. நீண்ட கால்களால் வேகமாக ஓடி, முன்னோக்கி நீண்ட தாடையால் புழுக்களையும் சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்பவை. பகலில் கல்லுக்கும் சருகுக்கும் அடியில் பதுங்கும். ஒரு வண்டு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்பதை மேலிருந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. மல்லாத்திப் போட்டால் தெரிந்துவிடும். பின்னங்காலின் அடிப்பகுதி பின்னோக்கி விரிந்து, வயிற்றின் முதல் வளையத்தை இரண்டாக வெட்டியிருக்கும். முன்னங்காலின் உள்பக்கத்தில் உணர்கொம்பைச் சுத்தம் செய்ய ஒரு சிறு பள்ளம் இருக்கும். உணர்கொம்பு பெரும்பாலும் நூல் போல, 11 கணுக்களுடன் அமைந்திருக்கும்.

இந்த வண்டுகளுக்குப் பெயர் சூட்டும் வேலை ஆசியாவில் நிலத்தின் போக்கில் நடக்கவில்லை, கப்பலின் போக்கில் நடந்தது. நங்கூரம் பாய்ந்த கரையிலிருந்த வண்டுகள் முதலில் பெயர் பெற்றன. உள்நாட்டு வயலிலும் மலையிலும் இருந்தவை பல பத்தாண்டுகள் காத்திருந்தன. தமிழகத்தின் கிழக்குக் கரை இதற்கு நல்ல சான்று.

இரட்டைப் பெயர் முறையை விலங்குகளுக்கு முழுமையாகக் கையாண்ட லின்னேயஸின் நூல் 1758இல் வந்தது. அதில் ஓடும் கொன்றுண்ணி வண்டுகள் பெரும்பாலும் 'காரபஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடைக்கப்பட்டன. அப்போது ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள இனங்கள் அதில் மிகக் குறைவு. அந்தக் குறையைப் போக்கிய இடங்களில் ஒன்று தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டிய இந்தச் சிற்றூருக்கு 1768இல் ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் லின்னேயஸிடம் படித்தவர். மிஷன் மருத்துவராக வந்தாலும் அவரது கவனமெல்லாம் செடிகொடியிலும் பூச்சியிலும் இருந்தது. சம்பளம் போதாமல் 1774இல் ஆற்காட்டு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்து, 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் இயற்கை ஆய்வாளரானார். 1785இல் ஆந்திரக் கரையில் காக்கிநாடா அருகே இறந்தார்.

கோனிக் பிடித்த பூச்சிகள் கடல் கடந்து போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது ஜொஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸின் மேசை. அவரும் லின்னேயஸின் மாணவர். 1775இலிருந்து கீல் பல்கலைக்கழகப் பேராசிரியர். வாழ்நாளில் சுமார் 10,000 பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்தவர். கோடையில் லண்டனுக்குப் போய் ஜோசப் பேங்ஸ் போன்றோரின் சேகரிப்புகளைப் பார்த்து எழுதுவது அவர் வழக்கம். பூச்சிகளை இறக்கையைக் கொண்டு பிரித்த லின்னேயஸ் முறையை விட்டு, வாயுறுப்புகளைக் கொண்டு பிரித்தார். கொன்றுண்ணிக்கும் தழையுண்ணிக்கும் வாய்தான் முதல் வேறுபாடு என்பதால் தரை வண்டுகளைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் அவர் எழுதிய விவரிப்புகள் மிகச் சுருக்கமானவை. லத்தீனில் ஒரு வரி இலக்கணம், அதன் கீழே நிறம் பற்றி இரண்டு மூன்று வரி, வாழிடம், கொடுத்தவர் பெயர். அவ்வளவுதான். வாழிடம் என்ற இடத்தில் பல இனங்களுக்கு 'கிழக்கிந்தியா' என்று மட்டுமே இருக்கும். பின்னால் வந்த ஆய்வாளர்களுக்கு இந்த ஒற்றைச் சொல் பெரும் தலைவலியானது. கிழக்கிந்தியா என்பது தரங்கம்பாடியாகவும் இருக்கலாம், வங்காளமாகவும் இருக்கலாம், சுமத்ராவாகவும் இருக்கலாம்.

கோனிக்குக்குப் பின் அதே ஊரில் சேகரித்தவர் டேனிஷ் படை அதிகாரி டால்டார்ஃப். 1798இல் ஃபாப்ரீசியஸ் வெளியிட்ட இணைப்பு நூலில் அவர் அனுப்பிய பூச்சிகள் ஏராளம். ஆனால் பொதுமக்களிடம் டால்டார்ஃப் பெயர் நின்றது வண்டினால் அல்ல. பனை மரப் பட்டையின் பிளவில், தண்ணீரிலிருந்து ஐந்தடி உயரத்தில் பனையேறிக் கெண்டையைத் தம் கையால் பிடித்ததாக அவர் எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வெளியாகி, அந்த மீன் உண்மையில் மரம் ஏறுமா என்ற வாதத்தை நூறாண்டுக்கு மேல் இழுத்தது. போறையாறு அருகே தங்கியிருந்த மொரேவியச் சகோதரர்களும், கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் போன்ற பாதிரிமார்களும் சிப்பி, மீன், பூச்சி என்று ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உலகின் பழைய பூச்சிப் பெயர்களில் தரங்கம்பாடிக்குக் கிடைத்த பங்கு அந்த ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாதது. டேனிஷ்காரர்கள் 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோது அந்தப் பங்கும் முடிந்துபோனது.

சென்னையின் கதை சற்று வேறு. அன்று இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரை சேர வேண்டும். இரும்புத் தூண் பாலம் 1861இல்தான் வந்தது. கம்பெனியின் முதன்மைச் சரக்கு பருத்தித் துணி. கறுப்பர் நகரத்துக்கு வடக்கே, வெளுக்கவும் உலர்த்தவும் வெட்டவெளி கிடைத்த இடத்தில் துணி வெளுப்பவர்கள் குடியேறியதால் வண்ணாரப்பேட்டை உருவானது. துணிப் பொதிகள் போன கடல்வழியில்தான் பூச்சிப் பெட்டிகளும் போயின. சேகரித்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள், படைவீரர்கள், பாதிரிமார்கள், சுங்க அதிகாரிகள். அவர்களில் பூச்சியையே பிழைப்பாகக் கொண்டவர் யாருமில்லை. பெட்டியைப் பெற்ற ஐரோப்பியர் சீட்டில் 'மதராஸ்' என்று எழுதிவைத்தார். எண்ணூர் மணலில் பிடித்ததும் மதராஸ், அடையாற்றங்கரையில் பிடித்ததும் மதராஸ். மாகாணம் விரிந்த பிறகு பெல்லாரியிலோ திருநெல்வேலியிலோ பிடித்ததற்கும் அதே சீட்டு ஒட்டப்பட்டது. பழைய அருங்காட்சியகப் பெட்டிகளில் 'மதராஸ்' என்ற சீட்டைப் பார்த்தால் அதை ஊர்ப் பெயராக எடுத்துக்கொள்வதைவிட, கப்பல் ஏறிய இடத்தின் பெயராக எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இந்தக் காலத்தில் பெயர் பெற்றவற்றில் இரண்டைத் தமிழகக் கிராமத்துப் பிள்ளைகள்கூட அறிவார்கள். ஒன்று, கறுப்பு உடலில் ஆறு வெள்ளைப் பொட்டுகள் கொண்ட பெரிய வண்டு. நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். பொட்டுகளில் இரண்டு மார்பில், நான்கு முதுகில். இதனால் பறக்க முடியாது. முதல் மழை விழுந்த செம்மண் காட்டில் பட்டப்பகலில் ஓடித் திரியும். ஆணின் மார்புக்கவசம் பின்பக்கம் இரண்டு மடலாக நீண்டிருக்கும். கையில் எடுத்தால் பின்புறத்திலிருந்து எரிச்சலூட்டும் அமிலத்தைப் பீய்ச்சும். ஃபாப்ரீசியஸ் 1775இல் இதற்குக் காரபஸ் செக்ஸ்குட்டாட்டஸ் என்று பெயரிட்டார். கோனிக் தரங்கம்பாடியில் இறங்கி அப்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1801இல் கீல் நகரில் ஃபாப்ரீசியஸின் மாணவர் வெபர் இத்தகைய வண்டுகளுக்காக 'ஆந்தியா' என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார். அதன் பிற இனங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன.

மற்றது வெடி வண்டு. மஞ்சள் கால், மஞ்சள் தலை, கறுத்த இறக்கைக் கவசத்தில் பக்கத்துக்கு ஒரு மஞ்சள் திட்டு. தொட்டால் 'பட்' என்ற ஓசையோடு புகை கிளம்பும். விரல் சுடும், பழுப்புக் கறை பல நாள் போகாது. வயிற்றின் நுனியில் இரண்டு அறைகள். உள்ளறையில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசல் இருக்கும். ஆபத்து வந்ததும் அது நொதிகள் நிறைந்த வெளியறைக்குத் தள்ளப்படுகிறது. அங்கே நடக்கும் வேதிவினையில் கலவை ஏறக்குறைய 100 பாகை செல்சியஸுக்குக் கொதித்து, குவினோன் ஆவியாகச் சீறுகிறது. தாமஸ் ஐஸ்னரும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் இந்த வெப்பத்தை அளந்து காட்டினார்கள். இந்த வண்டுக்கு லின்னேயஸ் 1771இல், செடிகளுக்காக எழுதிய ஒரு நூலின் பின்னிணைப்பில், காரபஸ் பைமாகுலேட்டஸ் என்று பெயர் வைத்திருந்தார். தாவர நூலின் வாலில் தொங்கும் வண்டைத் தேடிக் கண்டுபிடிப்பதே பின்னாளில் ஒரு வேலையானது. 1833இல் சோலியே 'ஃபெரோப்சோஃபஸ்' பேரினத்தை அமைத்தபின் அது அங்கே சேர்ந்தது.

இத்தகைய இடமாற்றத்தைப் பெயரே காட்டிக்கொடுக்கும். இனப் பெயருக்குப் பின்னால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் எழுதுவது விலங்கியல் மரபு. முதலில் வைத்த பேரினத்திலேயே இனம் தங்கியிருந்தால் ஆசிரியர் பெயர் வெறுமனே நிற்கும். வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால் அடைப்புக்குறிக்குள் போகும். இந்தியத் தரை வண்டுகளின் பழைய பெயர்களில் பெரும்பாலானவை அடைப்புக்குறிக்குள்தான் இருக்கின்றன. லின்னேயஸின் காரபஸ் உடைந்துகொண்டே போனதே காரணம். பிரான்சில் லத்ரேய் 1802இல் இந்தக் குடும்பத்தை நிறுவினார். இத்தாலியின் டூரின் நகரில் பொனெல்லி 1810இல் பேரினங்களைப் பட்டியலிட்டுப் பிரித்தார். நம் வயல்களில் காணும் பச்சை மினுக்குக் கொண்ட 'க்ளேனியஸ்' அவர் அமைத்த பேரினம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலை பேராசிரியர்களிடமிருந்து பணம் படைத்த சேகரிப்பாளர்களிடம் போனது. நெப்போலியனின் தளபதிகளில் ஒருவரான தெஜான் பிரபு போர்க்களத்தில் வண்டைக் கண்டு குதிரையிலிருந்து இறங்கி, தொப்பிக்குள் வைத்திருந்த தக்கையில் குத்திக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அவரது தரை வண்டுகள் லா ஃபெர்தே என்ற சேகரிப்பாளர் கைக்குப் போய், பிறகு ரஷ்யப் பேரரசில் வாழ்ந்த ஷொடுவார் பிரபுவிடம் சேர்ந்தன. 1881இல் ஷொடுவார் இறந்தபின் பிரான்சின் ஓபெர்த்தூர் வாங்கினார். இப்போது பாரிஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. இந்தியத் தரை வண்டின் மூல மாதிரியை, அதாவது முதல் விவரிப்புக்கு அடிப்படையான மாதிரியை, பார்க்க விரும்புபவர் இந்தக் கைமாற்றங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எந்தப் பெட்டி எங்கே விற்கப்பட்டது என்பது தெரியாமல் இந்தத் துறையில் ஒரு அடி வைக்க முடியாது.

உள்நாட்டு வண்டு காத்திருந்ததற்கு நெல் வயலே சாட்சி. ஒஃபியோனியா என்ற மெலிந்த, செம்மஞ்சளும் கருநீலமும் கலந்த தரை வண்டு நெற்பயிரின் மேலேயே ஏறி இறங்கி வாழ்வது. இலைச் சுருட்டுப்புழு சுருட்டிய இலைக்குள் நுழைந்து புழுவைத் தின்னும், புகையானையும் விடாது. காவிரிப் படுகையில் எந்த வயலிலும் கிடைக்கக்கூடிய இதன் ஓர் இனம், ஒஃபியோனியா நைக்ரோஃபாசியேட்டா, பெயர் பெற்றது 1846இல், பிராக் நகரில். சேகரித்த இடமோ பர்மா. சேகரித்த ஹெல்ஃபர் என்ற மருத்துவர் 1840இலேயே அந்தமானில் கொல்லப்பட்டுவிட, அவர் விட்டுச்சென்ற பெட்டியை வைத்து ஷ்மிட்-கோபெல் எழுதினார். தரங்கம்பாடியிலிருந்து நடக்கும் தூரத்தில் வயல்கள் கிடந்தும், அந்த வண்டுக்குப் பெயர் பர்மா வழியாகத்தான் வந்தது.

இலங்கையில் நிலைமை கொஞ்சம் வேறு. காப்பித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மானியர் நீட்னர் 1850களில் தாமே நுண்ணோக்கி வைத்துப் பார்த்து, அங்கிருந்தே வங்காள ஆசியச் சங்க இதழில் வண்டுகளை விவரித்தார். ஆசிய மண்ணில் உட்கார்ந்து எழுதிய மிகச் சிலரில் அவர் ஒருவர். பின்னால் ஜார்ஜ் லூயிஸ் இலங்கையில் சேகரித்ததை, அமேசான் பயணத்தால் புகழ்பெற்ற ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் 1886இல் லண்டனிலிருந்து விவரித்தார்.

கப்பல் வண்டுகளைக் கொண்டுபோனது ஊசியில் குத்திய நிலையில் மட்டுமல்ல, உயிரோடும்தான். ப்ளோக்கியோனஸ் பாலென்ஸ் என்ற தட்டையான பழுப்பு வண்டும், சோமோட்ரிக்கஸ் யூனிஃபாசியேட்டஸ் என்ற சிறு வண்டும் சரக்கு மூட்டைகளோடு உலகம் சுற்றியவை. அரிசி, நிலக்கடலை போன்றவை அடுக்கிய கிடங்குகளில், அவற்றைத் தின்னும் பூச்சிகளையும் புழுக்களையும் வேட்டையாடி வாழும். துறைமுகத்தை ஒட்டிய கிடங்குத் தெருக்கள் இவற்றுக்கு ஏற்ற இடம். ப்ளோக்கியோனஸுக்கு ஃபாப்ரீசியஸ் 1775லேயே பெயர் வைத்துவிட்டார். எந்தத் துறைமுகத்தில் பிடித்தார்களோ அதுவே வாழிடம் என்று எழுதும் வழக்கம் இத்தகைய இனங்களின் சொந்த மண்ணை மறைத்துவிட்டது.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. சில ஆண்டுகளில் பாதை மேற்குக் கரையைத் தொட்டது. அதற்குப் பிறகுதான் கரையோர வண்டுகளோடு மலை வண்டுகளும் பெட்டிகளில் பெருகின. நீலகிரியில் தோட்டக்காரர்களும் வனத்துறையினரும் சேகரித்தார்கள். கரையில் பழைய வேலையைத் தொடர்ந்தவர் மொரிஸ் மேந்த்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர். வரலாற்று நாவல்கள் எழுதியவர், பண்டைய ஆயுதங்கள் பற்றி எழுதியவர், கூடவே தரை வண்டு நிபுணர். புதுச்சேரி, காரைக்கால் வட்டாரங்களில் சேகரித்து, பாரிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். 1907இல் வந்த அவரது சோழமண்டலப் பயண நூலில் கோயிலும் கோட்டையும்தான் அதிகம். வண்டுகளைப் பூச்சியியல் இதழ்களுக்கு வைத்துக்கொண்டார். அதே காரைக்கால் வட்டாரத்துக் குரும்பகரத்திலிருந்து பின்னாளில் பி. சூசை நாதன் என்ற தமிழர் பல பத்தாண்டுகள் உலக அருங்காட்சியகங்களுக்குப் பூச்சி சேகரித்து அனுப்பினார். அவரது சீட்டுகளில் ஊர், மாதம், ஆண்டு எல்லாம் தெளிவாக இருக்கும். கோனிக் காலத்துச் சீட்டோடு ஒப்பிட்டால் இந்தத் துறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது அந்தச் சிறு காகிதத்திலேயே தெரியும்.

குழப்பத்தைத் தீர்த்து ஒழுங்குபடுத்தியவர் ஹெர்பர்ட் எட்வர்ட் ஆண்ட்ரூஸ். இந்திய வனத்துறையில் இருந்து இங்கிலாந்து திரும்பியவர். புதிய பெயர் வைப்பதற்கு முன் பழைய பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் உள்ள மூல மாதிரிகளைப் பற்றி 1919இலும், பிற நாட்டுச் சேகரிப்புகளிலுள்ளவை பற்றி 1921இலும் எழுதினார். ஒரே வண்டுக்கு நான்கு பேர் நான்கு பெயர் வைத்திருப்பதும், ஒரே பெயரில் மூன்று வண்டுகள் நடமாடுவதும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தன. அதன் விளைவாகத்தான் 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' வரிசையில் தரை வண்டுகளுக்கான முதல் தொகுதி 1929இலும் இரண்டாவது 1935இலும் வந்தன. இடையில் 1930இல் இந்திய இனங்களின் பட்டியலும் வெளியானது. அவரது விவரிப்பு ஃபாப்ரீசியஸின் மூன்று வரி அல்ல. கண்ணின் மேல் நிலைத்து நிற்கும் மயிர் ஒன்றா இரண்டா, மார்புக்கவசத்தின் பின்மூலை கூரா மழுங்கலா, முன்னிறக்கையின் நீள்கோடுகளில் புள்ளிகள் உண்டா, ஆணின் முன்பாதத்தில் எத்தனை கணுக்கள் அகன்றிருக்கின்றன என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் போகும் கேள்வி வரிசை அது. நிறத்தை அவர் கடைசியில்தான் நம்பினார். அந்தக் கண்டிப்பு இல்லாதிருந்தால் இந்தியத் தரை வண்டுகள் இன்றும் குவியலாகவே கிடந்திருக்கும். ஆனால் மூன்றாவது தொகுதி வரவேயில்லை. ஹார்ப்பலினே என்ற பெரும்பிரிவின் முதல் பாகத்தோடு வரிசை நின்றுபோனது. ஆண்ட்ரூஸ் 1950இல் இறந்தார்.

இதற்கிடையே சென்னை மாகாண வேளாண்மைத் துறைக்கு வேறு கேள்விகள் இருந்தன. சைதாப்பேட்டை வேளாண் கல்லூரி 1906இல் கோயம்புத்தூருக்குப் போனது. ஃப்ளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூலைச் சென்னை அரசு அச்சகம் 1914இல் வெளியிட்டது. 1940இல் டி. வி. ராமகிருஷ்ண அய்யரின் பயிர்ப்பூச்சிக் கையேடு வந்தது. உழவர் பார்வையில் தரை வண்டு நன்மை செய்யும் பூச்சி என்பது இந்த நூல்கள் வழியாகவே பரவியது. தென்னையின் கருந்தலைப் புழுவைத் தின்னும் பரேனா நைக்ரோலினியேட்டா, காய்கறி வயல்களில் புழு பிடிக்கும் க்ளேனியஸ் ஆகியவை பின்னாளில் இயற்கை எதிரிகளாக ஆராயப்பட்டன. ஷொடுவார் தம் மேசையில் வைத்துப் பெயரிட்ட பரேனா இப்படித்தான் தென்னந்தோப்புக்குத் திரும்பி வந்தது.

குடும்பத்தின் எல்லையும் இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. 1912இல் ஃபவுலர் 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' வரிசையில் எழுதிய தொகுதி புலி வண்டுகளையும், எறும்புப் புற்றில் வாழும் பட்டை உணர்கொம்புப் பவுசஸ் வண்டுகளையும் தனிக் குடும்பங்களாக வைத்தது. பவுசஸ் பிறகு தரை வண்டுக் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. அதுவும் வெடி வண்டைப் போலச் சூடான குவினோனைச் சீறக்கூடியது. எண்ணூர், பழவேற்காடு போன்ற ஈரமணல் கரைகளில் காலடிக்கு முன் பறந்து பறந்து இறங்கும் புலி வண்டுகள் பல பத்தாண்டுகள் உட்குடும்பமாக இருந்து, 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வுக்குப் பின் மீண்டும் தனிக் குடும்பமாகக் கொள்ளப்படுகின்றன.

இன்று புது இனம் விவரிப்பதற்கு வெளித்தோற்றம் போதாது. பிரான்சின் ஜன்னேல் 1940களில் வலியுறுத்தியபடி ஆண் உறுப்பை வெளியே எடுத்துப் பார்க்கும் முறை நிலைபெற்றுவிட்டது. காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து, வயிற்றின் நுனியைத் திறந்து, வளைந்த குழாய் போன்ற அந்த உறுப்பை ஊசியால் உருவிக் காரத்தில் சுத்தம் செய்து படம் வரைகிறார்கள். தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு வண்டுகள் இங்கே பிரிந்துவிடும். 1999க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய இனத்துக்கும் மூல மாதிரியைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது பன்னாட்டுப் பெயரிடல் விதி. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி இந்தியாவில் கண்டறியப்படும் புதிய உயிரினத்தைப் பற்றி அரசு நியமித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் மதிப்பாய்வகம் அத்தகைய காப்பகம். கோழிக்கோடு தேவகிரியின் புனித யோசேப்பு கல்லூரி ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தரை வண்டுகளையும் இந்தியாவின் வெடி வண்டுகளையும் இந்த முறையில் திருத்தி எழுதி வருகிறார்கள். கிழக்குக் கரை இனங்களில் கணிசமானவை இன்னும் ஃபாப்ரீசியஸ் தந்த பெயரோடும் 'கிழக்கிந்தியா' என்ற வாழிடத்தோடும் இருக்கின்றன. கீல் நகரிலிருந்த அவரது சேகரிப்பு இப்போது கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.